குண்டூசிக்குக் கணக்கு எழுதிய மேதை

மேஜையிலிருந்து ஒரு குண்டூசி கீழே விழுந்தால் குனிந்து எடுப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? அற்பப் பண்டம், போனால் போகிறது என்று விட்டுவிடுவோம். ஆனால் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் லண்டன் மாநகரில் ஒரு கனவான் இருந்தார். செல்வந்தர், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணிதப் பேராசிரியர். அவர் குண்டூசித் தொழிலை எடுத்துக்கொண்டு, ஒரு ராத்தல் குண்டூசி செய்ய மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் கம்பி இழுப்பவருக்கு எவ்வளவு, தலை பொருத்தும் பெண்ணுக்கு எவ்வளவு என்று தசம ஸ்தானம் நான்கு வரை கணக்கு எழுதி வைத்தார்.

அவர் பெயர் சார்லஸ் பாபேஜ். இன்று வீட்டுக்கு வீடு வந்துவிட்ட கம்ப்யூட்டரின் மூதாதையான யந்திரத்தை முதன்முதலில் மனக்கண்ணில் கண்டவர் அவரே. குண்டூசிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். பாங்கியிலோ ரயில்வே கவுண்டரிலோ கம்ப்யூட்டர் மந்தமாகி நின்றுவிட்டால், விவரம் தெரிந்த ஒருவர் வந்து ஒரு பட்டியலைத் திறக்கிறார். உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளில் எது எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது, எது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று வரிசையாகப் பார்க்கிறார். குற்றவாளி அகப்பட்டுவிடுகிறது. இந்தப் பட்டியலின் தத்துவம் முழுவதும் பாபேஜின் குண்டூசிக் கணக்கில் அடங்கியிருக்கிறது. அவருடைய வாழ்க்கையோ, அந்தத் தத்துவத்தை மறந்தால் என்ன நேரும் என்பதற்கும் ஒரு பாடமாக இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

பாபேஜ் 1791ஆம் ஆண்டு டிசம்பர் 26ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாபேஜ் பாங்கித் தொழில் செய்தவர். குழந்தைக்கு எந்தப் பொம்மையைக் கொடுத்தாலும் அதற்குள்ளே என்ன இருக்கிறது என்றுதான் தாயாரைக் கேட்குமாம். பதில் திருப்தி தராவிட்டால் பொம்மையை உடைத்துப் பார்த்துவிடும். வெளித்தோற்றத்தோடு நின்றுவிடாமல் உள்ளே நடப்பதைப் பிரித்துப் பார்க்கும் அந்தக் குணம் கடைசி வரை அவரை விடவில்லை.

1810இல் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். அங்கே கணிதம் பழைய முறையிலேயே தேங்கிக் கிடந்தது. ஐரோப்பாவின் புதிய கணிதத்தைப் புகுத்துவதற்காக ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் என்ற நண்பர்களுடன் 1812இல் ஒரு சங்கம் அமைத்தார். 1814இல் ஜார்ஜியானா என்ற மங்கையை மணந்துகொண்டார். 1816இல், இருபத்து நான்கு வயதிலேயே, ராயல் சொசைட்டியின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தக் காலத்தில் மாலுமிகளும் வானசாஸ்திரிகளும் பாங்கிக்காரர்களும் அச்சிட்ட கணித அட்டவணைகளையே நம்பி இருந்தார்கள். அட்டவணையில் ஓர் எண் தவறினால் நடுக்கடலில் கப்பல் திசை தவறும். 1821இல் பாபேஜும் ஹெர்ஷலும் அத்தகைய வானியல் கணக்குகளைச் சரிபார்க்க உட்கார்ந்தார்கள். பிழைக்குமேல் பிழை. சலித்துப்போன பாபேஜ், இந்தக் கணக்குகளை நீராவி யந்திரமே போட்டுவிடக் கூடாதா என்று ஏங்கினார். அந்த ஏக்கம் அவருடைய வாழ்நாளையே எடுத்துக்கொண்டது.

பதினேழாயிரம் பவுன்

1822இல் சிறிய மாதிரி யந்திரம் ஒன்றைச் செய்து காட்டினார். கூட்டலை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்து அட்டவணை முழுவதையும் கணக்கிடும் யந்திரம் அது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் சர்க்கார் முதல் தவணையாக 1,500 பவுன் கொடுத்தது. ஜோசப் கிளெமென்ட் என்ற கைதேர்ந்த யந்திரத் தொழிலாளி வேலையை ஏற்றார். இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும் என்பது பாபேஜின் நம்பிக்கை.

முடியவில்லை. பித்தளைச் சக்கரங்கள் ஒன்றுபோல் ஒன்று இம்மியும் பிசகாமல் இருக்கவேண்டும். அவற்றைக் கடைவதற்குரிய கருவிகளையே புதிதாகச் செய்யவேண்டியிருந்தது. பாபேஜும் வரைபடத்தை மேலும் மேலும் திருத்திக்கொண்டே இருந்தார்.

இதற்கிடையில் 1827ஆம் ஆண்டு இடியாக வந்தது. அந்த ஒரே ஆண்டில் தந்தை இறந்தார். மகன் ஒருவன் இறந்தான். அருமை மனைவி இறந்தாள். பிறந்த சிசுவும் இறந்தது. மனம் உடைந்த பாபேஜ் ஐரோப்பியக் கண்டத்துக்கு யாத்திரை புறப்பட்டார். சோகத்திலும் அவருடைய கண் சும்மா இருக்கவில்லை. போன இடமெல்லாம் தொழிற்சாலைகளைப் பார்த்தார். அவர் ரோமாபுரியில் இருந்தபோதுதான், ஒரு காலத்தில் நியூட்டன் வகித்த கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் பதவி 1828இல் அவரைத் தேடி வந்தது.

1832இல் யந்திரத்தின் ஏழில் ஒரு பகுதி மட்டும் பொருத்தப்பட்டது. அது பிழையின்றி வேலை செய்தது. ஆனால் மறு ஆண்டு, பட்டறையை வேறு இடத்துக்கு மாற்றுவதிலும் கூலி விஷயத்திலும் தகராறு மூண்டு கிளெமென்ட் விலகிக்கொண்டார். வேலை நின்றது. தேவைப்பட்ட சுமார் 25,000 உறுப்புகளில் 12,000 வரை செய்தாகிவிட்டது. சர்க்காருக்கு ஆன செலவோ 17,000 பவுனுக்கு மேல். அந்த நாளில் 800 பவுனுக்குள் ஒரு ரயில் எஞ்சின் வாங்கலாம் என்றால் அந்தத் தொகையின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

குண்டூசி சொன்ன பாடம்

யந்திரம் நின்றுபோகும் தறுவாயில், 1832இல், பாபேஜ் வேறொரு காரியம் செய்தார். பத்து வருஷ காலம் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்ததன் பயனாக யந்திரங்களையும் உற்பத்தித் தொழிலையும் பற்றி ஒரு பொருளாதார நூலை வெளியிட்டார். குண்டூசிக் கணக்கு அதில்தான் வருகிறது.

குண்டூசி செய்வதை ஏழு வேலைகளாகப் பிரித்தார். கம்பி இழுத்தல், நிமிர்த்துதல், முனை கூராக்குதல், தலைக்கு வேண்டிய கம்பியை முறுக்கி வெட்டுதல், தலை பொருத்துதல், ஈயம் பூசுதல், காகிதத்தில் செருகுதல். ஒரு ராத்தலுக்கு 5,546 குண்டூசிகள். அவற்றைச் செய்ய ஆகும் நேரம் சுமார் 7 மணி 41 நிமிஷம். கூலி ஏறக்குறைய 13 பென்ஸ்.

இது மொத்தக் கணக்கு. இதை வைத்துக்கொண்டு முதலாளி என்ன செய்ய முடியும்? விலை அதிகம் என்று பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். பாபேஜ் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக நேரத்தையும் கூலியையும் எழுதினார். அப்போது விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தலை பொருத்தும் வேலை ஒன்றே 4 மணி நேரத்தை, அதாவது மொத்த நேரத்தில் பாதிக்கு மேல், எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதைச் செய்யும் பெண்ணுக்குக் கூலி குறைவு; ஆகவே செலவு 5 பென்ஸ்தான். முனை கூராக்குகிறவர் வேலை செய்வதோ 18 நிமிஷம். அவருக்குச் சம்பளம் அதிகம். அந்தப் பதினெட்டு நிமிஷத்துக்குச் செலவு ஒன்றே முக்கால் பென்ஸுக்கு மேல். சிலருக்கு நாள் கூலி 6 ஷில்லிங். சிறு பையனுக்கு நாலரைப் பென்ஸ். பதினாறு மடங்கு வித்தியாசம்! உயர்ந்த கூலிக்காரர் ஒருவரே எல்லா வேலையையும் செய்தால் குண்டூசியின் அடக்கவிலை மூன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும் என்று பாபேஜ் கணக்கிட்டுக் காட்டினார்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. மொத்தம் எதையும் சொல்லாது. பிரித்துப் பார்த்தால்தான் சொல்லும் என்பது ஒன்று. நேரத்தை அதிகம் தின்னும் வேலையும் பணத்தை அதிகம் தின்னும் வேலையும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. எந்தச் செல்வம் எங்கே செலவாகிறது என்று தனித்தனியே பார்க்கவேண்டும் என்பது மற்றொன்று.

மூன்றாவது உண்மை ஒன்றும் அந்த நூலில் உண்டு. அது மிகவும் ரசமானது. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தொழிலாளியின் எதிரே போய் நிற்காதீர்கள் என்று பாபேஜ் எச்சரிக்கிறார். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் கை வேகமாக ஓடும்; உங்கள் கணக்குப் பொய்யாகும். தறியின் வேகத்தை அறிய வேண்டுமானால் சுவருக்கு வெளியே நின்று, தறிச் சத்தத்தைக் கேட்டே நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று எண்ணிவிடலாம் என்பது அவர் சொன்ன யுக்தி. அளக்கிறவன் அளக்கப்படுவதைக் கலைத்துவிடக் கூடாது என்பதை அவர் எவ்வளவு துல்லியமாக உணர்ந்திருந்தார், பாருங்கள்.

ரயில் பெட்டியிலும் இதே கதைதான். 1838, 1839ஆம் ஆண்டுகளில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்காக ஒரு பெட்டியில் கருவிகளைப் பொருத்தினார். ரயில் ஓட ஓட, இழுக்கும் விசை, வேகம், குலுக்கல் எல்லாவற்றையும் பேனாக்கள் நீண்ட காகிதச் சுருளில் தாமே கோடிட்டுக்கொண்டு போகும். ஒவ்வொரு ரயிலிலும் இப்படி ஒரு கருவி இருந்தால், விபத்துக்குப்பின் காரணத்தை ஊகிக்கவேண்டியதில்லை; காகிதமே சாட்சி சொல்லும் என்பது அவர் கருத்து.

களஞ்சியமும் ஆலையும்

1834இல் பாபேஜின் மனத்தில் பெரிய எண்ணம் ஒன்று உதித்தது. அட்டவணை மட்டும் போடும் யந்திரம் எதற்கு? எந்தக் கணக்கைச் சொன்னாலும் போடும் யந்திரம் ஏன் கூடாது? அதுவே அவருடைய பகுப்பாய்வு யந்திரம்.

அதில் இரண்டு முக்கிய அங்கங்கள். எண்களைச் சேமித்து வைக்கும் இடத்துக்குக் களஞ்சியம் என்று பெயர். அவற்றை எடுத்து அரைத்துக் கணக்கிடும் இடத்துக்கு ஆலை என்று பெயர். பட்டுத் தறியில் ஜாக்கார்ட் என்பவர் பயன்படுத்திய துளையிட்ட அட்டைகளைக் கொண்டே இந்த யந்திரத்துக்குக் கட்டளை இடலாம். இன்றைய கம்ப்யூட்டரில் களஞ்சியத்தின் இடத்தில் மெமரி இருக்கிறது. ஆலையின் இடத்தில் பிராசஸர் இருக்கிறது. பெயர் மாறியதே தவிர வீடு அதேதான்.

இந்த யந்திரத்திலும் பாபேஜ் வேலை வேலையாக நேரத்தைப் பிரித்துப் பார்த்தார். கூட்டலில், பத்து சேர்ந்ததும் அடுத்த ஸ்தானத்துக்கு ஒன்று ஏற்றுகிறோம் அல்லவா? 9999 என்ற எண்ணோடு 1 சேர்த்தால் அந்த ஒன்று ஸ்தானம் ஸ்தானமாக ஏறிப்போகவேண்டும். நீண்ட எண்களில் நேரம் இங்கேதான் வீணாகிறது என்று கண்டுகொண்டார். உடனே, ஏறவேண்டிய இடங்களை முன்கூட்டியே அறிந்து ஒரே வீச்சில் ஏற்றிவிடும் அமைப்பு ஒன்றை உருவாக்கினார். இருபது இலக்கமுள்ள இரண்டு எண்களை மூன்று நிமிஷத்தில் பெருக்கிவிடலாம் என்று மதிப்பிட்டார்.

இந்த யந்திரத்தை ஊன்றி உணர்ந்த ஒருவர் பைரன் கவியின் மகளான ஆடா லவ்லேஸ் சீமாட்டி. பதினேழு வயதில் பாபேஜைச் சந்தித்தவர். யந்திரத்தைப் பற்றி இத்தாலிய அறிஞர் மெனப்ரியா எழுதிய பிரெஞ்சுக் கட்டுரையை மொழிபெயர்த்து, அதைப்போல் மூன்று மடங்கு நீளமான குறிப்புகளையும் சேர்த்து 1843இல் வெளியிட்டார். அந்தக் குறிப்புகளின் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. பெர்னூலி எண்கள் என்ற கடினமான கணக்கை 25 படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் என்ன செய்கை, களஞ்சியத்தின் எந்த எந்தத் தூண்களிலிருந்து எண்களை எடுக்கிறது, விடை எந்தத் தூணில் போய்ச் சேருகிறது என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். ஒரே கணக்கைப் பல வரிசையில் செய்யலாம். நேரம் மிகக் குறைவாகச் செலவாகும் வரிசையைத் தேர்ந்தெடுப்பதே முக்கிய நோக்கமாக இருக்கவேண்டும் என்ற கருத்தையும் எழுதினார். யந்திரமே பிறக்கவில்லை, அதற்குள் அதன் உழைப்புக்குக் கணக்குப் புத்தகம் தயாராகிவிட்டது!

சொந்த வீட்டுக் கணக்கு

ஊரார் தொழிலுக்கெல்லாம் கணக்குப் பார்த்த மேதை தம் காரியத்தில் சறுக்கினார். முதல் யந்திரமே முடியாமல் கிடக்கையில், அதைவிடச் சிறந்த யந்திரம் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன் என்று சர்க்காருக்குத் தெரிவித்தார். மந்திரிகள் திகைத்தார்கள். எட்டு ஆண்டுகள் முடிவு சொல்லாமல் இழுத்தடித்து, 1842இல் திட்டத்தைக் கைவிட்டுவிட்டதாக அறிவித்தார்கள். பாபேஜ் பிரதம மந்திரி ராபர்ட் பீலை நேரில் சந்தித்தார். யந்திரத்தின் பயனை எடுத்துச் சொல்லவேண்டிய இடத்தில் தமக்கு இழைக்கப்பட்ட அநீதிகளையே அடுக்கினார். சந்திப்பு கசப்பில் முடிந்தது.

தவறு யார் பேரில்? கைவேலையின் அருமை தெரியாத மந்திரிகள் பேரிலும் உண்டு. ஆனால் எந்த உறுப்புக்கு எவ்வளவு செலவு, இன்னும் எவ்வளவு ஆகும், எது அதிகமாய் விழுங்குகிறது என்று பிரித்துச் சொல்லும் ஒரு சீட்டு, குண்டூசிக்கு இருந்ததுபோல், அந்த யந்திரத்துக்கும் இருந்திருந்தால் கதை வேறு விதமாக முடிந்திருக்கலாம். சர்க்காரின் கண்ணில் பட்டது 17,000 என்ற மொத்தத் தொகை ஒன்றுதான். மொத்தம் எதையும் சொல்லாது என்று எழுதிக் காட்டியவரே, மொத்தத்தின் கையில் அகப்பட்டுக்கொண்டார்.

முதுமையில் அவருடைய அளக்கும் ஆசை விசித்திரமான வழிகளில் சென்றது. 464 ஜன்னல் கண்ணாடிகள் எந்த எந்தக் காரணத்தால் உடைந்தன என்று 1857இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். தெருவில் ஆர்கன் பெட்டி வாசிப்பவர்களோடு ஓயாமல் போராடினார். அந்தச் சத்தம் தம் உழைப்புச் சக்தியில் நாலில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது என்று கணக்குச் சொன்னார். ஊர் சிரித்தது. ஆனால் தம் மூளையையே ஒரு யந்திரமாக வைத்து, அதன் சக்தியை எது களவாடுகிறது என்று பார்த்த அந்தக் கிழவரைப் பார்த்து நாம் சிரிக்க முடியுமா?

1871ஆம் ஆண்டு அக்டோபர் 18ந் தேதி பாபேஜ் காலமானார். பகுப்பாய்வு யந்திரத்தைச் செய்து முடிக்கலாமா, அதற்கு என்ன செலவாகும் என்று ஆராய்ந்த பிரிட்டிஷ் சங்கக் கமிட்டி ஒன்று, செலவை மதிப்பிடவே இயலவில்லை என்று 1878இல் கைவிரித்தது. இறந்த பின்னும் அதே வினைதான் அவரைத் துரத்தியது! இந்தியாவில் ராணுவ அதிகாரியாக இருந்த மகன் ஹென்றி தந்தையின் குறிப்புகளைத் தொகுத்து 1889இல் நூலாக்கினார்.

வெற்றி பின்னால் வந்தது. பாபேஜ் 1840களின் இறுதியில் வரைந்த இரண்டாவது அட்டவணை யந்திரத்தின் கணக்கிடும் பகுதியை லண்டன் விஞ்ஞானக் காட்சிச்சாலையினர் அவர் வரைந்தபடியே 1991இல் செய்து முடித்தார்கள். அது சரியாகக் கணக்குப் போட்டது. அவருடைய சித்தாந்தத்தில் பிழை இல்லை என்பது நிரூபணமாயிற்று.

இன்றைய பட்டியல்

1961இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்விச்சாலையில், பலர் ஒரே கம்ப்யூட்டரை ஒரே சமயத்தில் பங்கிட்டுக்கொள்ளும் முறை செய்து காட்டப்பட்டது. பங்கு என்று வந்துவிட்டால் கணக்கும் வரவேண்டும் அல்லவா? இன்று நம் மேஜைமேல் உள்ள சிறு கம்ப்யூட்டரில்கூட ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான வேலைகள் ஓடுகின்றன. விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் என்றும், லினக்ஸில் டாப் என்றும் பெயருள்ள பட்டியல்கள் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே பிராசஸர் நேரம் எத்தனை சதவீதம், மெமரி எவ்வளவு என்று எழுதிக் காட்டுகின்றன.

அந்தப் பட்டியலில் பாபேஜின் மூன்று உண்மைகளையும் காணலாம். கம்ப்யூட்டர் மந்தம் என்ற மொத்தப் புகாரால் பயனில்லை. எந்த வேலை என்று பார்க்கவேண்டும். பிராசஸரைத் தின்பது ஒரு வேலையாகவும், மெமரியை அடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது வேறொரு வேலையாகவும் இருக்கலாம். குண்டூசிக்குத் தலை பொருத்துகிறவரும் முனை கூராக்குகிறவரும் போலத்தான். கண்காணிக்கும் பட்டியலும் ஒரு வேலையே. அதுவும் கொஞ்சம் நேரத்தைத் தின்கிறது. ஆகவே ஓயாமல் பார்க்காமல், விநாடிக்கு ஒரு தரமோ சில விநாடிகளுக்கு ஒரு தரமோ பார்த்துக்கொள்கிறது. சுவருக்கு வெளியே நின்று தறிச் சத்தத்தை எண்ணச் சொன்னாரே, அந்த விவேகம்தான் இது.

குடும்பத்திலும் இப்படித்தான். மாதக் கடைசியில் பணம் போதவில்லை என்று புலம்புவது சுலபம். அரிசிக்கு எவ்வளவு, பாலுக்கு எவ்வளவு, வீண் ஆடம்பரத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதினால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும். ஊருக்கு எழுதிய கணக்கைத் தமக்கும் எழுதிக்கொள்ளவேண்டும் என்பதே பாபேஜ் என்ற மேதை தம் நூலால் பாதியும் தம் வாழ்க்கையால் பாதியுமாக நமக்கு விட்டுச்சென்ற பாடம். இனிமேல் குண்டூசி கீழே விழுந்தால் ஒரு தரம் குனிந்து எடுப்போம். அதற்குப் பின்னால் ஏழு வேலைகளும், ஒரு மகா மூளையும் இருக்கின்றன.